இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடிய கேமரா

மெர்சி அக்கா வருவதற்கு முன்னால் அவருடைய ஏணி வந்துவிடும். ஸ்கூட்டியின் பக்கவாட்டில் கட்டிய அலுமினிய ஏணி, வண்டியைவிட ஒன்றரை மடங்கு நீளம். கும்மிடிப்பூண்டி பஜாரில் அது திரும்பினால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதை காரணமல்ல. ஒருமுறை ஒரு ஆட்டோவின் கண்ணாடி போயிருக்கிறது.

சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் டிபன் கடைகள், மெக்கானிக் ஷெட்டுகள், இரண்டு கல்யாண மண்டபங்கள், ஒரு தேவாலயம் என்று எங்கே நிமிர்ந்து பார்த்தாலும் அவர் மாட்டிய கேமரா நம்மைப் பார்க்கும். வயது முப்பத்தைந்து. அவருடைய அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் ஐடிஐ முடித்துவிட்டு, செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் கன்வேயர் பெல்ட்டின் முன்னால் நின்றார். ஒரு நாள் பெல்ட்டை நிறுத்தினார்கள். அதன் முன்னால் நின்றவர்களையும் நிறுத்திவிட்டார்கள்.

"ஆறு வருசம் ஒரே ஸ்க்ரூ. அத்த தூக்கத்துல குடுத்தா கூட முடுக்குவேன்" என்பார்.

அதன் பிறகு கேமரா மாட்டும் ஒருவரிடம் ஏணி பிடிக்கப் போனார். அந்த மனிதருக்கு உயரம் என்றால் பயம். இரண்டாவது வாரமே மெர்சி அக்கா மேலே இருந்தார், முதலாளி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அந்தத் தொழிலையே, ஏணியையும் சேர்த்து, விலைக்கு வாங்கிவிட்டார்.

நான் பொன்னேரியில் வக்கீல் நர்மதா மேடத்திடம் டைப் அடிக்கிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிச் சேர்ந்தேன், இரண்டு வருடம் ஆகிறது. மெர்சி அக்கா என் பெயரைச் சொல்லி ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் "டிகிரி". முதலில் கோபம் வந்தது. பிறகு, அந்த டிகிரியை வேறு யாராவது இப்படி நாள்தோறும் நினைவு வைத்திருக்கிறார்களா என்று யோசித்தேன். இல்லை. கோபத்தை விட்டுவிட்டேன்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது கோபாலின் வழக்கில்.

கோபால் பள்ளிப்பட்டுக்காரன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டர் மூலம் எலக்ட்ரீஷியனுக்கு உதவியாளாக வேலை செய்தான். போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மாலை, அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சுருள் தாமிரக் கேபிள் காணாமல் போனது. ஏழு பத்திலிருந்து ஏழு இருபத்தைந்துக்குள் கோபால் அதைச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டதைப் பார்த்ததாக செக்யூரிட்டி எழுதிக் கொடுத்தார். ஆறு மணிக்கே வேலை முடிந்து வெளியே வந்துவிட்டேன், அந்த நேரத்தில் எதிர்க் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றான் கோபால்.

எதிர்க் கடை என்பது சின்னப்பொண்ணம்மாவின் டிபன் கடை. தொழிற்சாலை கேட்டிலிருந்து இரண்டு நிமிட நடை. அங்கே கேமரா உண்டு. மெர்சி அக்கா மாட்டியதுதான். ஏட்டு ஒருவர் வந்து திரையைப் பார்த்தார். கோபால் கடைக்குள் நுழைகிறான்; திரையின் மூலையில் மணி ஏழு இருபத்தெட்டு.

"தூக்கிப் போட்டுட்டு, கை கழுவிட்டு, சாப்பிட வந்துக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபால் ஜெயிலுக்குப் போனான்.

ஜாமீனில் அவன் வெளியே வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலையிலும் பாஸ் கொடுப்பதற்கு முன் "உம்மேல கேஸ் எதுனா கீதா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல முடியாதவன் பள்ளிப்பட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

"மேடம், நான் தின்னது நெசம். ரெண்டு தோசை, ஒரு ஆம்லெட். நைனா மேல சத்தியமா" என்றான்.

நர்மதா மேடம் மெர்சி அக்காவுக்கு போன் போட்டார். மறுமுனையில் காற்றுச் சத்தம். ஏணி மேல் இருந்தார் போல.

"இன்னிக்கு எத்தினி நாளு மேடம்? பதிமூணா? அந்தப் பெட்டி பதினஞ்சு நாளுதான் வெச்சிக்கும். அப்பால பழசு மேலயே புதுசு ஏறிடும். யாரும் அத்த தொடக் கூடாது. நம்ம டிகிரிய வரச் சொல்லுங்க. கைல ஒரு நோட்டு, ஒரு பேனா. செல்போன்ல திரைய புடிக்கலாம்னு வந்தான்னா செல்போன அடுப்புல போட்டுடுவேன்."

நான் அதைத்தான் செய்யலாம் என்று நினைத்திருந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கடைக்குப் போனோம், நானும் கோபாலும். சின்னப்பொண்ணம்மா மாவுக் குண்டானை மூடி வைத்துவிட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் சாலையின் அந்தப் பக்கம்வரை போகும். கோபாலைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

"பாவி! அன்னிக்கு இன்னும் ரெண்டு தோச சேத்து தின்னிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கினு இருந்திருப்ப இல்ல?"

மெர்சி அக்கா கல்லாவுக்கு மேலே இருந்த பெட்டியின் முன்னால் நின்றார். கேமராப் படமெல்லாம் சேரும் பெட்டி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் மேல் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் எதையும் தொடவில்லை. திரையைப் பார்த்தார், தன் செல்போனைப் பார்த்தார், சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா," என்றார், "ரெண்டு வருசத்துக்கு முன்னால நீ இன்னா சொன்ன, நான் இன்னா செஞ்சேன், ஞாபகம் கீதா?"

செல்போனில் மணி மூன்று பத்து. சுவரிலும் திரையிலும் மூன்று முப்பத்தைந்து.

அந்தச் சுவர்க் கடிகாரத்தின் கதை சிப்காட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டு மணி நைட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் அந்தக் கடையில்தான் சாப்பிடுவார்கள். கேட்டில், உள்ளே போகும்போது மட்டும் வருகைக்காக விரல் வைக்கும் மெஷின் இருக்கிறது. எட்டைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனாலும் அரை நாள் போய்விடும். அதனால் சின்னப்பொண்ணம்மா கடிகாரத்தை இருபத்தைந்து நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார். அது முன்னால் ஓடுகிறது என்பது சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும், அது எட்டு இருபது காட்டினால் எழுந்து ஓடுவார்கள். எனக்கு இது புரிந்ததே இல்லை. பொய் என்று தெரிந்த ஒன்றுக்கு மனிதன் ஏன் பயப்பட வேண்டும்? ஆனால் என் அலாரமும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது.

கேமரா மாட்டிய அன்று திரையில் சரியான நேரம் இருந்திருக்கிறது. சின்னப்பொண்ணம்மா ஒப்பவில்லை.

"செவுத்துல ஒரு மணி, டிவில ஒரு மணியா? பசங்க டிவிய பாத்துக்கினு குந்திக்கினே இருக்கும். ரெண்டையும் ஒண்ணாக்கு" என்றாராம். மெர்சி அக்காவும் ஒன்றாக்கிவிட்டார்.

ஆக, கோபால் உள்ளே நுழைந்த ஏழு இருபத்தெட்டு, உண்மையில் ஏழு மூன்று. அதே பதிவில் அவன் கை கழுவிய ஏழு ஐம்பத்தாறு, உண்மையில் ஏழு முப்பத்தொன்று. செக்யூரிட்டி சொன்ன கால் மணி நேரம் முழுவதும் அவன் சட்னி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"நான்தான் சொன்னேனே! சொன்னேன் இல்ல!" என்று கோபால் குதித்தான்.

"குதிக்காத" என்றார் மெர்சி அக்கா. "இத்த யாரு நம்புவா? கடியாரத்த தப்பா வெச்சவ நானு. இப்ப நானே போயி, அது தப்பு, இவன் நல்லவன்னு சொன்னா எவன் கேப்பான்?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனைகள் எனக்கு உடனே வந்துவிடும், அதுதான் கஷ்டம். "அக்கா, டைமைச் சரி பண்ணிட்டு காப்பி எடுத்தா?"

மெர்சி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் மூன்று வருடக் கல்லூரியும் சுருங்கிப்போனது.

"பண்ணு. ஏற்கெனவே பதிஞ்சதுல ஒரு நொடி கூட மாறாது. ஆனா இன்னிக்கு மூணரை மணிக்கு எவனோ டைம மாத்தினான்னு பெட்டி தனியா எழுதி வெச்சிக்கும். கோபாலுக்குத் தொணையா நீயும் ஸ்டேஷன்ல கையெழுத்து போடப் போலாம், காலைல பத்து மணிக்கு."

பிறகு வேலை ஆரம்பித்தது. தன் செல்போனையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒரே படத்தில் இரண்டு மணியும் தெரியும்படி என் செல்போனில் போட்டோ எடுத்தார். பெட்டியின் நம்பர், கேமராவின் நம்பர், யார் யார் இருந்தோம், எத்தனை மணிக்கு எதைத் தொட்டோம் என்று எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுதினேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து பதிமூன்று நாட்களிலும் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை முழுவதும் காப்பி எடுக்கச் சொன்னார்.

"நமக்கு வேண்டியது அரை மணி நேரம்தானே?" என்றேன்.

"வெட்டிக் குடுத்தா, வெட்டிப் போட்டதுல இன்னா இருந்திச்சின்னு கேப்பான். முழுசா குடு. பாக்கறவன் பேஜாராவட்டும்."

காப்பி மூன்றரை மணி நேரம் ஓடியது. நடுவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் எண் எடுத்தேன். ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்டு வரும் அறுபத்துநாலு எழுத்து அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எழுத்துகள் வேறாகிவிடும். கல்லூரியில் இதைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தேன். சின்னப்பொண்ணம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, பூச்சி ஊந்தாப்ல?"

"படத்துல யாரும் கை வைக்கலன்னு காட்டறதும்மா."

"அப்டி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. சாம்பார் வாளிக்கு."

பழைய ஹார்டு டிஸ்க்கை மெர்சி அக்கா கழற்றி, வேறொன்றைப் போட்டுவிட்டு, அதைப் பழுப்பு உறையில் வைத்து ஒட்டினார். ஒட்டின இடத்தின் மேல் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அவர் டேப்பைத் தேடித் திரும்பிய அரை நிமிடத்தில் சின்னப்பொண்ணம்மா உறையின் நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்துவிட்டார்.

"யம்மா! சீலு மேல கை வெக்கக் கூடாதும்மா!"

"கோர்ட்டுக்குப் போற பொருளு. மொட்டையா போவக் கூடாது. சும்மா இரு."

மெர்சி அக்கா பெருமூச்சு விட்டு, என் பக்கம் திரும்பினார். "எழுது டிகிரி. மாலை ஏழு இருபதுக்கு, கடை உரிமையாளர் உறையில் குங்குமம் வைத்தார்."

எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துச் சான்றிதழ். கேமராப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் பெட்டியை வைத்திருக்கிறவர் கையெழுத்து. இன்னொன்றில் விஷயம் தெரிந்த நிபுணர் கையெழுத்து. நிபுணருக்கு ஒரு பாலிடெக்னிக் ஆசிரியரைப் பிடித்தோம். ("டிகிரிதான் கீறானே?" என்றார் மெர்சி அக்கா. "அவன் என்கிட்ட சம்பளம் வாங்கறவன், அரசு வக்கீல் சிரிப்பாரு" என்றார் மேடம். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.)

முதல் பகுதியை நான் டைப் அடித்து, கையெழுத்துப் போட வந்த சின்னப்பொண்ணம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "...மேற்படி கருவி அக்காலம் முழுவதும் சரியாக இயங்கி வந்தது..."

"நிறுத்து" என்றார் மெர்சி அக்கா. "சரியாவா?"

நான் நிறுத்தினேன். இதே வரியை அதற்கு முன் நாற்பது சான்றிதழ்களிலாவது அடித்திருக்கிறேன். பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, அச்சடித்துவிடுவேன். எந்தக் கருவி சரியாக இயங்கியது என்று யாரையும் நான் கேட்டதில்லை. அந்த நாற்பதில் எத்தனை கடிகாரங்கள் முன்னால் ஓடினவோ!

"கேமரா சரியா ஓடிச்சி. கடியாரம் இருபத்தஞ்சு நிமிசம் ஜாஸ்தி. ஏன் ஜாஸ்தி, யாரு வெச்சது, எல்லாத்தையும் போடு. என் பேரோட போடு."

நர்மதா மேடம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "மெர்சி, இதை எழுதினா உன்னை உரிச்சிடுவாங்க. தப்பா டைம் வெக்கிறவள்னு ஊரெல்லாம் பேசும். அப்புறம் உன்கிட்ட யாரு கேமரா மாட்டுவாங்க?"

"எழுதாம உட்டா ஏழு இருபத்தெட்டுதான் மேடம் நிக்கும். கோபால உரிச்சிடுவாங்க."

எழுதினோம்.

வழக்கு விசாரணைக்கு வர எட்டு மாதம் ஆனது. அதுவரை கோபால் கடை கடையாகப் போய் மின்விசிறி ரிப்பேர் பார்த்தான். மெர்சி அக்கா சாட்சிக் கூண்டில் ஏறியபோது, ஏணி இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. அரசு வக்கீல் முதலில் உறையை உயர்த்திக் காட்டினார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"குங்குமம் சார். நோட்டுல மணியோட எழுதிக்கீது."

நீதிபதி அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வீடியோவில் சுவர்க் கடிகாரம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"கோபால் நுழையறப்ப என்ன மணி?"

"ஏழு இருபத்தெட்டு."

"கேமராவும் ஏழு இருபத்தெட்டு. ரெண்டு கடிகாரமும் ஒரே மணி. ஆனா ரெண்டுமே தப்புன்னு சொல்றீங்க."

"ஆமா சார். ரெண்டும் பேசி வெச்சிக்கினு பொய் சொல்லுது."

பின் பெஞ்சில் சிரிப்பு.

"யார் பேசி வெச்சது?"

"நான்தான் சார். சான்றிதழ்லயே சொல்லிக்கிறேன், மொதல் பக்கத்துல."

அரசு வக்கீல் கொஞ்சம் நெருங்கி வந்தார். "சரி. நீங்க போட்டோ எடுத்த அன்னைக்கு வித்தியாசம் இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்குப் பதிமூணு நாள் முன்னாடி அது பத்து நிமிஷமா இருந்திருக்கலாம். ஒண்ணுமே இல்லாம சரியாவும் இருந்திருக்கலாம். அன்னைக்கு நீங்க அங்க இல்ல. எப்படிச் சொல்றீங்க?"

நர்மதா மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை எட்டு மாதமாக நாங்கள் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. கோபால் எதிரே குற்றவாளிக் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார்," என்றார் மெர்சி அக்கா மெதுவாக, "அந்தக் கடியாரத்த எதுக்கு முன்னால வெச்சாங்க?"

"கேள்வி கேக்கறது நான்."

"பதில்தான் சொல்றாங்க போல, சொல்லட்டும்" என்றார் நீதிபதி.

"வெரல் வெக்கற மெஷினுக்காக வெச்சது அம்மா. எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு வெரல் வெக்கணும். அன்னிக்கு வீடியோவுல எட்டு பத்தொம்போதுக்கு நாலு பேரு தட்ட போட்டுட்டு எதுத்தாப்ல கேட்டுக்கு ஓடறாங்க. அவுங்க வெரல் வெச்ச டைம் கம்பெனி மெஷின்ல இருக்கும். என் கடியாரம் பொய் சொல்லும், ஒத்துக்கிறேன். அவுங்க மெஷினும் பொய் சொல்லுமா?"

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நர்மதா மேடம் எழுந்தேவிட்டார். தொழிற்சாலையின் வருகைப் பதிவை வரவழைக்க மனுப் போட அனுமதி கேட்டார்.

அடுத்த வாய்தாவில் பதிவு வந்தது, அதற்கென்று ஒரு சான்றிதழோடு. ஓடிய நால்வரையும் சின்னப்பொண்ணம்மா அன்றே கூண்டில் ஏறி அடையாளம் காட்டினார். அதில் அன்புசெல்வன் என்பவரைப் பற்றி, "இவன் தண்ணி குடிக்காம ஓடுவான், தெனம் திட்டுவேன்" என்று கூடுதலாக ஒரு தகவலும் கொடுத்தார். கேமராவில் அவர் கடையை விட்டு ஓடியது எட்டு பத்தொன்பது. மெஷினில் விரல் வைத்தது ஏழு ஐம்பத்தாறு. கடையை விட்டுக் கிளம்புவதற்கு இருபத்து மூன்று நிமிடம் முன்பே கேட்டுக்குள் போக யாராலும் முடியாது. இருபத்தைந்தைக் கழித்து, நடக்க இரண்டு நிமிடத்தைச் சேர்த்தால் சரியாக வருகிறது. மற்ற மூன்று பேருக்கும் அதேதான். மற்றப் பன்னிரண்டு மாலைகளுக்கும் அதேதான். அத்தனை நாளையும் வெட்டாமல் எடுத்து வைத்ததால் காட்ட முடிந்தது. அந்த அட்டவணையை நான்தான் போட்டேன். ஐம்பத்திரண்டு வரி. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சரிபார்த்தேன், யாரும் சொல்லாமலேயே.

செக்யூரிட்டி மறுபடி கூண்டில் ஏறினார். இருட்டாக இருந்தது, சட்டையின் நிறத்தை வைத்துச் சொன்னேன் என்றார். கோபால் விடுதலை ஆனான். கேபிளைத் தூக்கியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊரில் பேசத்தான் செய்தார்கள். தேவாலயத்துக் கேமராவின் நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லி இரண்டு பேர் மெர்சி அக்காவுக்கு போன் போட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் தன் கடையில் எல்லாக் கேமராவையும் மாற்றி மாட்டச் சொல்லிக் கூப்பிட்டார். "தப்புன்னா தப்புன்னு எழுதிக் குடுக்கற ஆளு வேணும்" என்றாராம்.

போன வாரம் மெர்சி அக்கா சின்னப்பொண்ணம்மாவின் கடைக்கு வந்தார். ஏணி முதலில் வந்தது. பெட்டியின் நேரத்தைச் சரியாக்கி, மாற்றிய தேதியை எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவர்க் கடிகாரத்தில் கை வைத்தார்.

"அத்த தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றார் சின்னப்பொண்ணம்மா. "கோர்ட்டுக்கு உன் பொட்டி. பசங்களுக்கு என் கடியாரம்."

மெர்சி அக்கா கையை எடுத்துவிட்டார். சுவரில் எட்டு இருபது. திரையில் ஏழு ஐம்பத்தைந்து. மூலை மேசையில் கோபால் உட்கார்ந்திருந்தான். புது கேட் பாஸ் கழுத்தில் தொங்கியது, இந்த முறை நைட் ஷிஃப்ட். திரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அந்த இருபத்தைந்து நிமிடம் பொய் என்று கோர்ட்டில் நிரூபித்த வழக்கே அவனுடையதுதான்.

பாதித் தோசையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து ஓடினான்.

"தண்ணி குட்ச்சிட்டு போடா!" என்று கத்தினார் சின்னப்பொண்ணம்மா.